கூலிக்கு ஆடுகிறவள்

“ரெண்டாம் பாதியில கொஞ்சம் விட்டுக்கொடும்மா” என்று சொல்லிவிட்டுக் கனகசபை அண்ணன் போய்விட்டார். ஒரேயடியாகப் போகவில்லை. நாலடி போய் நின்றார், திரும்பினார், இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு கழுத்துத் துண்டால் அந்த வாயையே துடைத்துக்கொண்டு டிக்கெட் கொட்டகைப் பக்கம் நடந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தயாமணியின் கையில் ஆரஞ்சுப்பழம் உரிக்காமல் இருந்தது. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். குழம்புக்கு உப்புப் போடுகிற கொஞ்சமா, பஸ்ஸில் பக்கத்து ஆள் நகரச் சொல்கிற கொஞ்சமா? நகர்ந்தால் நகர்ந்த இடத்துக்கும் அவன் முழங்கை வரும், அந்தக் கொஞ்சமா? விட்டுக்கொடு. என்ன நயமான வார்த்தை. விடு என்று மட்டும் சொன்னால் கோபம் வரும். கொடு என்று மட்டும் சொன்னால் எதற்கு என்று கேட்கலாம். இரண்டையும் ஒட்டிவிட்டால் பெண்பிள்ளைக்கு அது குணமாகிவிடுகிறது. தோற்றுப்போ என்று சொல்லியிருந்தால்கூட அவரை மதித்திருப்பாள். தோற்றுப்போ தயாமணி, மில் முதலாளியின் மகனிடம் ஊர் பார்க்கத் தோற்றுப்போ, ஏனென்றால் இந்த மைதானம் அவர்களுடையது, இந்த விளக்குக்கு வருகிற கரண்டு அவர்களுடையது, அதோ முன்வரிசையில் சோபா போட்டு உட்கார்ந்திருக்கிற வெள்ளைவேட்டிக்காரர் அந்தப் பிள்ளைக்குப் பெண் கொடுக்கப்போகிற மாமனார். அவ்வளவுதானே. நீட்டி முழக்க என்ன இருக்கிறது?

பழத்தோலில் கிள்ளிப் பிடிக்க நகம் இல்லை. ஆட்டத்துக்கு நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு அதுவும் குறை. மருதாணி வைக்கிற விரலா இது என்பாள். பல்லால் கடித்தாள். தோலின் எண்ணெய் கசப்பாக நாக்கில் பட்டது, மூக்கில் ஏறியது, கண்ணில் நீர் வந்தது. அழுகிறாள் என்று நினைத்துவிடப் போகிறார்கள். கயிற்றுக்கு அப்பால் ஆயிரம் பேர் இருப்பார்கள், நிலக்கடலைத் தோலை ஊதிக்கொண்டு, பீடி குடித்துக்கொண்டு. ஆறு மணி வெளிச்சம் இன்னும் முழுக்கப் போகவில்லை, ராட்டினத்தின் உச்சிப் பெட்டியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மரணக்கிணற்றில் மோட்டார் சைக்கிள் உறுமி அடங்கியது. கனகசபையின் பொருட்காட்சியில் அது முதல் கவர்ச்சி. மேஜைமேல் பேசும் தலை இரண்டாவது. மூன்றாவது இவர்கள், ஸ்புட்னிக் சிஸ்டர்ஸ். ரஷ்யாக்காரன் ஆகாசத்தில் உருண்டையை விட்ட மறுவருஷம் கனகசபை வைத்த பெயர். கூடைப்பந்து ஆடும் ஐந்து பெண்கள், உங்கள் ஊரின் எந்த ஐந்து ஆண்களும் எதிர்த்து ஆடலாம், ஜெயித்தால் ஆளுக்கொரு கைக்கடிகாரம். ஒன்றரை வருஷமாக ஊர் ஊராக அதே ஐந்து கடிகாரங்கள். யாரும் ஜெயிக்காததால் கனகசபைதான் தினம் அவற்றுக்குச் சாவி கொடுத்து ஓடவைத்துக்கொண்டிருந்தார். மற்ற ஊர்களில் எதிரே வந்தவர்கள் பந்தைப் பூசணிக்காய் மாதிரி கட்டிப்பிடித்தவர்கள். இந்த ஊரில்தான் ஆடத் தெரிந்தவர்கள். சின்னவர் என்று எல்லோரும் சொல்கிற அந்தப் பிள்ளை மெட்ராஸ் காலேஜில் ஆடியவன். நன்றாகவே ஆடுகிறான். இடதுபக்கம் போகிற மாதிரி தோளைக் காட்டிவிட்டு வலதில் போவான். முதல் பாதியில் இரண்டு தடவை ஏமாந்தாள். மூன்றாவது தடவை அவன் தோளைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தாள். தோள் பொய் சொல்லும், இடுப்புக்குப் பொய் வராது. அதற்குப் பிறகு அவன் அவளைத் தாண்டவில்லை. கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்த புள்ளியில் பெண்கள் முன்னால் இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது, சோபாவில் இருந்தவருக்கும் தெரிந்தது. அதனால்தான் ‘கொஞ்சம்’.

கனகசபை கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவனாக இருந்தால் மூஞ்சியில் பழத்தோலை எறிந்துவிட்டுப் போகலாம். சனிக்கிழமை தவறாமல் சம்பளம் கொடுக்கிறவர். டேராவுக்குப் பக்கத்தில் ஆண் வாடை வராமல் காவல் போட்டவர். முதன்முதலில் அவளை நிமிர்ந்து பார்த்து முகம் சுளிக்காத மனிதர். பெரம்பூரில் பொருட்காட்சி போட்டிருந்தபோது, பந்தைக் கூடையில் போட்டால் சோப்புப்பெட்டி பரிசு என்று ஒரு கடை இருந்தது. கூடை வளையத்தைக் கொஞ்சம் நெளித்து வைத்திருப்பார்கள், பந்து விழாது. நெளிவு எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிட்டால் விழும். கடையிலிருந்த சோப்புப்பெட்டி அத்தனையும் அவள் மடிக்கு வந்துவிட்டது. கடைக்காரன், “போதும் தாயீ, வேற கடை பாரு” என்று கும்பிட்டான். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கனகசபை, “உனக்கு என்ன வேலை?” என்று கேட்டார். அவள், “உயரமா இருக்கறது” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கு வரைக்கும் அதுதான் அவளுடைய முழுநேர வேலை. பன்னிரண்டு வயதில் அம்மாவைத் தாண்டினாள், பதினான்கில் அப்பாவை. குனிஞ்சு நட. கோயிலுக்குள் போகும்போது குனி. போட்டோ எடுக்கும்போது முட்டியை மடக்கு. பெண் பார்க்க வருகிறார்கள், உட்கார்ந்தே இரு, காபி தட்டைத் தங்கச்சி கொண்டுவரட்டும், அவர்கள் போகிறவரைக்கும் எழுந்திருக்காதே. ஒரு மாப்பிள்ளை வீடு அப்படித்தான் சம்மதம் சொல்லிவிட்டு வாசல் வரைக்கும் போனது. வழியனுப்ப எழுந்துவிட்டாள். மறந்துபோய்த்தான் எழுந்தாள். அந்தப் பையன் அவளை மேலே பார்த்தான், அவன் அம்மா அவளை மேலே பார்த்தாள், இருவரும் ஒரே நேரத்தில் செருப்பைத் தேடினார்கள். அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. அப்பா மட்டும், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் தட்டித் தட்டிக் காது போன மனுஷன், தெருவுக்கே கேட்கிற மாதிரி, “எழுந்து நின்னா ஓடறவன் படுத்தா நிப்பானா?” என்றார். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். தயாமணிக்குச் சிரிப்பு வந்தது. இப்போதும் வந்தது. ஆரஞ்சுச் சாறு முழங்கை வரைக்கும் ஒழுகியது.

விட்டுக்கொடுத்தால் என்ன? ஒரே ஒரு நாள். ஒரே ஒரு ஊர். பந்து வளையத்தில் பட்டு வெளியே போகும், எத்தனையோ தடவை தானாகவே போயிருக்கிறது. யாருக்குத் தெரியும்? நாளைக்கும் மைதானம் இருக்கும், கரண்டு இருக்கும், பத்து நாள் வசூல் இருக்கும். பக்கத்தில் ரோஸ்லின் காலை நீட்டி உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தாள். புருஷன் பினாங்குக்குப் போனவன், போனவன்தான். குழந்தை வியாசர்பாடியில் அக்காவிடம் வளர்கிறது. பொருட்காட்சி மூடினால் ரோஸ்லினுக்கு என்ன இருக்கிறது? சுசீலா, சர்க்கஸில் இருந்து வந்தவள், ஐவரில் குட்டை, கம்பி மேல் நடந்து பழகிய கால். அவளுக்கு ஊர் என்று ஒன்றே கிடையாது. போத்தனூர் அக்கா தங்கை இருவருக்கும் வீட்டில் இன்னும் மூன்று தங்கைகள். இத்தனை பேர் வயிற்றை வைத்துக்கொண்டு உனக்கென்ன வீம்பு? வீம்பு. அம்மாவின் வார்த்தை. போதகர் ஐயா இன்னும் நாசூக்காகச் சொன்னார், அகந்தை என்று. முழங்கால் தெரிய நிக்கர் போட்டுக்கொண்டு ஆண்களோடு முட்டி மோதுகிற பெண் கர்த்தருக்கு என்ன பதில் சொல்வாள் என்று அவளிடம் கேட்டார். முழங்காலைப் படைத்தவர் அவர்தானே ஐயா, அவருக்குத் தெரியாத முழங்காலா என்று சொல்ல வாயில் வந்தது, சொல்லவில்லை. அன்றைக்கு விட்டுக்கொடுத்தாள். எத்தனை இடத்தில்தான் விட்டுக்கொடுத்திருக்கிறாள். மெட்ராஸில் பெரிய போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுக்கப் போனபோது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நீ பொருட்காட்சியில காசு வாங்கி ஆடற பொண்ணுதானே? இங்கே விளையாட்டை விளையாட்டா நேசிக்கிறவங்களுக்குத்தான் இடம். கூலிக்கு ஆடறவங்களுக்கு இல்லை” என்றாள். கூலிக்கு ஆடுகிறவள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் டிராம் தண்டவாளம் இருந்த தடத்தில் நடந்துகொண்டே பதில் யோசித்தாள். பதில் வரவில்லை. பதில் என்றால் வேண்டிய நேரத்துக்கு வருமா அது? ஒரு வருஷம் கழித்து, முன்பின் தெரியாத ஊரில், பெஞ்சில், ஆரஞ்சுக் கொட்டையைத் துப்பும்போதுகூட வரவில்லை.

சரி, விட்டுக்கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் உடம்பு லேசாகிவிட்டது, காய்ச்சல் விட்ட மாதிரி. ஆச்சரியமாகவும் இருந்தது, இவ்வளவு சுலபமா என்று. யாரிடமும் சொல்லவேண்டாம். தான் மட்டும் தவறவிட்டால் போதும், கூடைக்குக் கீழே நிற்பது தான்தானே. விசில் ஊதியது.

முதல் பந்து வந்தது. சுசீலாவிடமிருந்து, தரையில் ஒரு தட்டு தட்டி, கைக்கு வாகாக. எதிரே யாரும் இல்லை. சின்னவர் இரண்டடி பின்தங்கியிருந்தான். எம்பினாள். பந்தை விடும்போது நடுவிரலால் ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான், வேறு யாருக்கும் தெரியாது. பந்து வளையத்தின் விளிம்பில் மோதி வெளியே போயிற்று. சின்னவர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தவன், பந்து விழாததைப் பார்த்ததும் சிரித்தான். தன் கையைக் கண்டுதான் அவள் பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு சிரித்தான். சோபாப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. தெரிந்து வாங்கிக்கொண்டால்கூட அது கொடுக்கல் வாங்கல். இவன் தெரியாமலே வாங்கிக்கொள்வான். அறுபது வயதில் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, அந்த ஒட்டகச்சிவிங்கியை நான் தடுத்தேன் பார் என்று சொல்வான். அவன் வீட்டில் அவள் எப்போதைக்கும் தோற்றுக்கொண்டே இருப்பாள், அவன் சாகும்வரைக்கும், அதற்குப் பிறகும். மறுபடி பந்து வந்தது. மறுபடி விரல் இழுத்தது. விட்டுக்கொடுப்பதில் ஒரு சூட்சுமம், முதல் தடவைதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. கரும்பலகைப் பையன் ஆண்கள் பக்கம் அழித்து அழித்து எழுதினான். கயிற்றோரம் இருந்த இளவட்டங்கள் விசிலடித்தார்கள். கனகசபை டிக்கெட் கொட்டகை வாசலில் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், தலை லேசாக ஆடியது, அப்படித்தான் அப்படித்தான் என்கிற மாதிரி.

கூடைக்குப் பின்னால் கயிற்றை ஒட்டித் தரையில் மில்லுக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பகல் ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகாமல் வந்தவர்கள், தலையில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது, விளக்கு வெளிச்சத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் நரைத்துவிட்ட மாதிரி. ஆண்கள் எதற்கு வருவார்கள் என்று தயாமணிக்குத் தெரியும். காலைப் பார்க்க வருவார்கள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் காலை மறந்துவிட்டுப் பந்தைப் பார்ப்பார்கள். காலைப் பார்க்க வந்தவனைப் பந்தைப் பார்க்க வைத்து அனுப்புவதுதான் தன் தொழில் என்று அவள் ரகசியமாக நினைத்துக்கொள்வாள். ஆனால் இந்தப் பெண்கள் முதலிலிருந்தே பந்தைத்தான் பார்த்தார்கள். பந்து வெளியே உருண்டு ஒருத்தியின் மடியில் போய் விழுந்தது. நடுத்தர வயசு, ஒரு கண்ணில் பூ விழுந்தவள். பந்தைத் தூக்கிக் கொடுத்தவள் அதை உடனே விடவில்லை. “ஏனம்முணி, கையி வலிக்குதா? அலுத்துப்போச்சா கண்ணு?” என்றாள். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். “ஒருவாய் தண்ணி குடிச்சுப்போட்டு ஆடு சாமி. நாங்க எங்கயும் போகமாட்டம், இருக்கறம்.” தயாமணிக்கு முகம் எரிந்தது. ஒட்டகச்சிவிங்கி என்று கத்தியவர்கள் உண்டு, கல் விட்டவன் உண்டு, அதெல்லாம் தோலோடு போயிற்று. இது போகவில்லை. எட்டு மணி நேரம் நின்ற காலோடு வந்து, கூலியில் பிய்த்துக் கொடுத்து டிக்கெட் வாங்கியவள். அவளிடம் வாங்கியதைத்தான் கனகசபை சனிக்கிழமை எண்ணி என் கையில் வைக்கிறார். அதை வாங்கிக்கொண்டு அவளுக்குப் பொய்யை விற்கிறேன். மேஜைக்காரி அம்மாளே, இதோ பதில் வந்துவிட்டது, கேட்டுக்கொள். நேசத்துக்கு ஆடுகிறவளுக்கு இன்றைக்கு மனசு சரியில்லை என்று இருக்கலாம். நான் கூலி வாங்குகிறேன். அதனால் எனக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆனால் ரோஸ்லினின் குழந்தை? உள்ளே எரிந்துகொண்டே மறுபடி அந்த இடத்தில் வந்து முட்டினாள். அடுத்து ஆட்டம் நின்றபோது ரோஸ்லினே அவளை இழுத்து நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. “அண்ணன் உன்கிட்ட வந்து என்ன சொன்னாரு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாமத்தான் மூணு பந்தை விட்டியா? என்னைக் கண்ணில்லாதவன்னு நெனச்சியா? யாருக்கோசரம் விடறே?”

“உனக்காகத்தான்டி. கடை மூடிட்டா உன் குழந்தை…”

ரோஸ்லின் அவள் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள், முகத்துக்கு முகம் வரும்வரைக்கும். “எம்புள்ளையை எதுக்கு இழுக்கறே? அது பாட்டுக்கு வியாசர்பாடியில வெளையாடிட்டு இருக்கு. பயம் உனக்கு. உங்க அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போகணுமேன்னு உனக்குப் பயம். பயந்தா பயப்படு, யார் வேணாம்னாங்க? எம்புள்ள தலையில அதைக் கட்டாதே.” சட்டையை விட்டுவிட்டுப் போய்த் தன் இடத்தில் நின்றாள்.

நிஜம்தான். அவள் சொன்னதும் தெரிந்தது, சொல்வதற்கு முந்தியே தெரிந்துதான் இருந்தது. பயம் பசியைப் பற்றியது இல்லை. அந்த வாசல், அந்த நிலைப்படி, முட்டியை மடக்கிக்கொண்டு இருக்கிற போட்டோக்கள். குனிஞ்சு நட. திரும்பிப் போனால் மறுபடி குனியவேண்டும் என்கிற பயத்தில் இங்கேயே குனிந்தாகிவிட்டது. இதற்கு மேல் போவதற்கு என்ன இருக்கிறது? இவ்வளவுதானா பயம்? இதன் அடி இவ்வளவு பக்கத்திலா இருந்தது? காலில் தரை தட்டிவிட்டது அவளுக்கு, கிணற்றில் இறங்கியவளுக்குத் தட்டுகிற மாதிரி.

பிறகு வந்த பந்தை அவள் விடவில்லை. சின்னவர் தோளை ஆட்டினான், அவள் இடுப்பைப் பார்த்தாள், கையிலிருந்து பந்தைப் பிடுங்கி சுசீலாவுக்கு எறிந்தாள். சுசீலா அந்தக் கம்பிமேல் நடக்கிற காலோடு இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து போய் இவளுக்கே திருப்பித் தந்தாள். எம்பினாள். விரல் எதையும் இழுக்கவில்லை. வலைக்குள் பந்து இறங்குகிற அந்தச் சத்தம், துணி கிழிகிற மாதிரி, உலகத்தில் அதைவிடச் சுத்தமான சத்தம் அவளுக்குத் தெரியாது. மில்லுக்காரப் பெண்கள் எழுந்தே விட்டார்கள். “அப்படிப் போடு அம்முணி!” என்றாள் பூ விழுந்த கண்காரி. கனகசபை கயிற்றோரம் ஓடிவந்து இரண்டு கைகளையும் கீழ்நோக்கி அமுக்கி அமுக்கிக் காட்டினார், பொங்குகிற பாலை அடக்குகிறவர் மாதிரி. அவரைப் பார்த்துக்கொண்டே இன்னொன்று போட்டாள். வெள்ளைவேட்டிக்காரர் சோபாவிலிருந்து எழுந்து நின்றார். அவரைப் பார்த்தும் ஒன்று. சின்னவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை, வேர்வை இருந்தது, ஆடுகிறவனுக்கு வருகிற கோபம் இருந்தது. முட்டினான், விழுந்தான், எழுந்தான், நிஜமாக ஆடினான். அவனுக்கு இன்றைக்கு நான் கொடுக்கக்கூடியது இது ஒன்றுதான் என்று அவள் நினைத்தாள், நிஜமான தோல்வி. மாமனார் நன்றாகப் பார்க்கட்டும், மாப்பிள்ளை விழுந்தால் எழுந்திருக்கிறானா என்று தெரிந்துகொள்வது பெண் கொடுக்கிறவருக்கு நல்லதுதானே. ஜெயித்தால் போதும் என்று தோன்றவில்லை. இன்னும் ஒன்று. குனிந்த ஒவ்வொரு வாசலுக்கும் ஒன்று, மடக்கின முட்டிக்கு ஒன்று. கரும்பலகையில் பெண்கள் பக்கம் எழுத இடமில்லாமல் போயிற்று.

திடீரென்று விளக்குகள் எல்லாம் அணைந்தன. ராட்டினம் நின்றது, உச்சிப் பெட்டியில் யாரோ கத்தினார்கள். ஒலிபெருக்கி பாதிப் பாட்டில் செத்தது. மில் பக்கம் மட்டும் ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் அப்படியே இருந்தது. விசில்காரர் இருட்டில் நீளமாக ஊதி ஆட்டம் முடிந்தது என்றார், முடியாத ஆட்டத்தை. யாரும் கலையவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், “வெளக்கப் போடுங்கடா!” என்றது. பிறகு நூறு குரல். பந்து கையிலிருந்து நழுவிக் கூட்டத்துக்குள் எங்கேயோ போய்விட்டது.

கனகசபை பெட்ரோமாக்ஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கீழேயிருந்து வெளிச்சம் பட்டதில் அவருக்கு வயசாகித் தெரிந்தது.

“காலையில மைதானத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க” என்றார்.

“சரிண்ணே.”

“பத்து நாள் வசூல், தயா.”

“தெரியும்ணே.”

அவர் மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். “உன்னைப் போகச் சொல்லணும்னுதான் வந்தேன். அந்தப் பொம்பளைங்க என்னடான்னா நாளைக்கு எந்த ஊருன்னு கேட்டு உயிரை வாங்கறாங்க. நடந்தே வருவாங்களாம்.” பெருமூச்சு விட்டார். “அடுத்தாப்புல தாராபுரம். அங்கயும் ஒரு பெரிய மனுஷன் இருப்பான். அவனுக்கும் ஒரு புள்ள இருப்பான். நான் வந்து உன்கிட்ட சொல்லித்தானே ஆகணும்?”

“சொல்லுங்கண்ணே” என்றாள் தயாமணி. “சொல்றது உங்க வேலை.”

சொல்லிவிட்டுப் பந்தைத் தேடி இருட்டுக்குள் நடந்தாள்.